கபடிக்கு ஆளில்லையா, சேனல் கண்ணில் படவில்லையா? நேரலை விளையாட்டும் ரேட்டிங் கணக்கும்

காரைக்குடிப் பக்கம் விளையாட்டுப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்த வரி வந்து விழும்: "டிவியில யாருங்க கபடி பாக்குறா? ரேட்டிங்கைப் பாருங்க." இதைச் சொல்கிறவரே ஊர்த் திருவிழாவில் டியூப் லைட் வெளிச்சத்தில் நடக்கும் கபடியை ராத்திரி ஒரு மணி வரை நின்றுகொண்டே பார்ப்பார். அவர் பொய் சொல்லவில்லை, அந்த ரேட்டிங் எண்ணும் பொய் இல்லை, ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் சிக்கல். மக்கள் ஓர் ஆட்டத்துக்குப் போட்ட மதிப்பெண்தான் ரேட்டிங் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆட்டம் எந்த சேனலில் வந்தது, அந்த சேனல் எத்தனை வீட்டுக்குள் வருகிறது, ரிமோட்டை அமுக்கினால் எங்கே கிடைக்கிறது என்பதெல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் கலந்து கிடக்கிறது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். முன்பே எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எண்ணுவது யார், எதை எண்ணுகிறார்கள்?

இந்தியாவில் இந்தக் கணக்கை எடுப்பது பார்க் இந்தியா என்ற அமைப்பு. 2015-ல் இருந்து இவர்கள் எண்களை வெளியிடுகிறார்கள், அதற்கு முன்பு டாம் என்ற நிறுவனம் எடுத்துவந்தது. நாடு முழுக்க 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் டிவி பக்கத்தில் ஒரு சின்ன மீட்டர் வைத்திருக்கிறார்கள், எந்தெந்த வீடு என்பது ரகசியம். ஒவ்வொரு சேனலும் தன் ஒலியோடு காதுக்குக் கேட்காத ஓர் அடையாளத்தைக் கலந்து அனுப்பும், அதற்கு வாட்டர்மார்க் என்று பெயர். மீட்டர் அதைப் பிடித்து, இந்த நிமிடம் இந்த வீட்டில் இந்த சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். பார்க்க உட்காருகிறவர் தனக்கென்று உள்ள பொத்தானை அமுக்கினால், பார்ப்பது யார் என்பதும் பதிவாகும். சரி, இப்படிச் சேர்ந்த நிமிடங்களை வைத்து என்ன செய்கிறார்கள்?

இரண்டு எண்கள் வரும், பத்திரிகைச் செய்தியில் இந்த இரண்டும்தான் அடிக்கடி குழம்பும். ஒன்று ரீச்: குறைந்தது ஒரு நிமிடமாவது பார்த்தவர்கள் எத்தனை பேர். இன்னொன்று சராசரி நிமிடப் பார்வையாளர்: நிகழ்ச்சியின் எந்த ஒரு நிமிடத்தை எடுத்தாலும் சராசரியாக எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது. ரேட்டிங் என்று நாம் பொதுவாகச் சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். ஒரு மேட்ச் 200 நிமிடம் ஓடுகிறது, 10 பேர் முழுசாகப் பார்க்கிறார்கள். மொத்தம் 2,000 நிமிடம், 200-ஆல் வகுத்தால் 10. இன்னொரு மேட்சை 100 பேர் ஆளுக்கு 20 நிமிடம் பார்க்கிறார்கள். அதுவும் 2,000 நிமிடம்தான், சராசரியும் அதே 10-தான். ஆனால் ரீச் முதலாவதில் 10, இரண்டாவதில் 100. "இத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள்" என்று கொட்டை எழுத்தில் வரும் விளம்பரம் பெரும்பாலும் ரீச் கணக்கு, ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனவரும் அதில் ஒருவர்.

இதுவரை பார்த்தது: ரீச் என்பது வந்து எட்டிப்பார்த்தவர்கள், சராசரி என்பது வந்தவர்களும் அவர்கள் இருந்த நேரமும் சேர்ந்தது. ஆளே வந்து சேராவிட்டால் இருப்பதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். எனாமல் பாத்திரம் தேடி வருகிறவர் ஒரு கடையோடு நிற்பதில்லை. பக்கத்துக் கடை, அதற்கடுத்த கடை என்று ஏறி இறங்கி, வாங்க நினைக்காத பித்தளைக் கூஜாவையும் கையில் எடுத்துப் பார்ப்பார். இப்போது அதே சரக்கோடு, அதே விலையில், ஒரு கடையை ஊருக்கு வெளியே ஒரு சந்துக்குள் திறந்தால் என்ன ஆகும்? அந்தக் கடையைக் கேள்விப்பட்டுத் தேடிவரும் பழம்பொருள் பித்தர்கள் வருவார்கள். சும்மா நடந்துபோகிறவர் ஒருவரும் வர மாட்டார். மாதக் கடைசியில் கல்லாவை எண்ணிப் பார்த்துவிட்டு "எனாமலுக்கு இந்த ஊரில் மவுசு போய்விட்டது" என்று சொன்னால் அது சரியா?

சேனலுக்கும் இதே கதைதான். பார்வையாளர் மூன்று இடங்களைக் கடந்து வர வேண்டும். சேனல் முதலில் அவர் வீட்டுக்கு வர வேண்டும். வந்தாலும் கண்ணில் பட வேண்டும். பட்ட பிறகு அவர் அங்கே நிற்க வேண்டும். ஆட்டத்தின் தரம் முழு வலிமையோடு வேலை செய்வது மூன்றாவது இடத்தில்தான். முதல் இரண்டையும் பெரும்பாலும் தீர்மானிப்பது சேனல் வைக்கப்பட்டிருக்கும் இடம்.

வீட்டுக்கு வருகிறதா?

2019 தொடக்கத்தில் ட்ராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், கொண்டுவந்த புதிய கட்டண முறை நினைவிருக்கும். அதற்கு முன்பு கேபிள்காரர் கொடுத்ததெல்லாம் வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டண சேனலுக்கும் தனி விலை, வேண்டியதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும் அல்லது பல சேனல்களை ஒரே விலையில் சேர்த்துத் தரும் பேக் எடுக்க வேண்டும். ஒரு சேனலுக்கு 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்தால் அதைப் பேக்கில் சேர்க்க முடியாது என்ற வரம்பும் வந்தது. இது இடையில் 12 ஆகி, 2022-ல் மறுபடி 19-க்கே வந்தது. விளையாட்டு சேனல்காரருக்குப் பேக் என்பது உயிர்நாடி. பேக்கில் இருந்தால் விளையாட்டே பார்க்காத வீட்டுக்கும் சேனல் தானாக வந்துவிடும், இல்லாவிட்டால் தனியாகக் கேட்டு வாங்குகிறவர் வீட்டுக்கு மட்டும்தான். ஒரே தெருவில் அரசு கேபிள் ஒரு வீட்டில், தனியார் கேபிள் ஒரு வீட்டில், மாடியில் டிஷ் ஒரு வீட்டில் என்று இருக்கும்போது, மூன்று வீட்டிலும் ஒரே சேனல் இருக்கும் என்று நம்பிப் பேச முடியாது.

தூர்தர்ஷன் விஷயம் இன்னும் சுவாரசியமானது. நாட்டுக்கு முக்கியமான விளையாட்டுப் போட்டிகளை உரிமை வாங்கிய தனியார் நிறுவனம், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2007-ல் சட்டம் வந்தது. அதனால் முன்பெல்லாம் இந்தியா ஆடும் முக்கிய மேட்ச்கள் கேபிள் வீட்டிலும் டிடி வழியாகவே வந்துவிடும், விளையாட்டு சேனலுக்குத் தனிக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அப்படிப் பகிரப்படும் ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் இலவச டிஷ்ஷுக்கும் மட்டும்தான், தனியார் கேபிளுக்கும் கட்டண டிஷ்ஷுக்கும் இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆக, இலவச டிஷ் வைத்திருக்கும் வீட்டில் டிடியில் மேட்ச் ஓடும், அதே நேரம் எதிர்வீட்டுக் கேபிளில் வரும் டிடியில் வேறு நிகழ்ச்சி ஓடும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இதனால் எத்தனையோ பேர் பெட்டியில் கோளாறு என்று நினைத்துக் கேபிள்காரரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கோளாறு ஒன்றும் இல்லை, சட்டம் அப்படி.

இந்த ஒரு காரணம் மட்டுமே எண்ணை எவ்வளவு மாற்றும் என்பதற்கு இங்கிலாந்தின் கதையைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் டெஸ்ட் தொடர் 2005-ல் அங்கே சேனல் 4-ல், எல்லா வீட்டுக்கும் இலவசமாக வந்தது. நாட்டிங்ஹாம் டெஸ்டின்போது ஒரு கட்டத்தில் 84 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டிலிருந்து உள்நாட்டு டெஸ்ட்கள் கட்டண சேனலான ஸ்கைக்குப் போய்விட்டன. 2009-ல் மறுபடி இங்கிலாந்தில் ஆஷஸ், அதே ஆஸ்திரேலியா, அந்த முறையும் ஜெயித்தது இங்கிலாந்துதான். உச்சப் பார்வையாளர் எண்ணிக்கையோ 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 2005 தொடர் அபூர்வமான தொடர் என்பது உண்மைதான், அதற்கும் கொஞ்சம் பங்கு கொடுக்கலாம். ஆனால் நான்கே ஆண்டில் முக்கால் பங்குப் பேருக்கு கிரிக்கெட் கசந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் 2019 ஜூலை 14. லார்ட்ஸில் உலகக் கோப்பை இறுதி, இங்கிலாந்து உள்ளே. ஸ்கை பெருந்தன்மையாக அந்த ஒரு மேட்சைச் சேனல் 4-க்கும் கொடுத்தது. சேனல் 4-ல் அன்றைக்கே பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரீ கார் பந்தயமும் நேரலை, அதனால் பந்தயம் முடியும் வரை கிரிக்கெட்டைத் தன் துணை சேனலான மோர் 4-க்கு மாற்றிவிட்டு, முடிந்ததும் பிரதான சேனலுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சூப்பர் ஓவர் நேரத்தில் எல்லா சேனலும் சேர்த்து 80 லட்சத்துக்கு மேல் போனது எண்ணிக்கை. பதினான்கு ஆண்டுக்கு முன் இருந்த கூட்டம் எங்கேயும் போகவில்லை, கதவு மூடியிருந்தது, அவ்வளவுதான்.

சுருக்கமாக: ஒரு ஆட்டத்தின் ரேட்டிங்கைப் பார்க்கும் முன் அந்த சேனல் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். இலவச சேனலின் எண்ணையும் கட்டண சேனலின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஆட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ரிமோட்டில் எங்கே இருக்கிறது?

செட்டாப் பாக்ஸ் இல்லாத காலத்தில் இடம் என்பது நேரடியாகப் படத்தின் தெளிவு. பழைய டிவிகள் சிலவற்றில் ஓர் அளவுக்கு மேல் அலைவரிசை டியூன் ஆகாது, டியூன் ஆனாலும் மேலே போகப் போகப் படத்தில் புள்ளி விழும். சுத்தமாகத் தெரியும் முன்வரிசைக்குப் பிரைம் பேண்ட் என்று பெயர். அந்த வரிசையில் இடம்பிடிக்க சேனல்கள் கேபிள் நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தன. டிஜிட்டல் வந்த பிறகு எல்லா சேனலும் ஒரே தெளிவில் வருகிறது, ஆனால் நூற்றுக்கணக்கில் வருகிறது. அதனால் இடத்தின் மதிப்பு குறையவில்லை, படத் தெளிவில் இருந்து நம்பருக்கு மாறிவிட்டது.

எங்கள் அப்பத்தா வைத்திருக்கும் ரிமோட்டைப் பார்த்தாலே இது புரிந்துவிடும். பாலித்தீன் உறை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டிய ரிமோட். நம்பர் பொத்தான்கள் வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே பளிச்சென்று இருக்கும், மேலே கீழே போகிற பொத்தானில் மட்டும் அம்புக்குறி முழுசாக அழிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த சீரியல் சேனலில் தொடங்கி ஒவ்வொன்றாக மேலே போவார், பிடித்தது வந்தால் நிற்பார், பத்துப் பன்னிரண்டு சேனலில் ஒன்றும் அகப்படாவிட்டால் திரும்பி வந்துவிடுவார். அந்தப் பன்னிரண்டுக்குள் ஒரு கபடி மேட்ச் வந்தால் அப்பத்தா கட்டாயம் பார்ப்பார், "பிடி, பிடி, கால விடாத" என்று சத்தமும் போடுவார். முந்நூறு நம்பர் தள்ளி இருந்தால் அப்படி ஒரு மேட்ச் நடந்ததே அவருக்குத் தெரியாது. அவருக்குக் கபடி பிடிக்கவில்லை என்று எந்த மீட்டரும் சொல்லிவிடக் கூடாது, ஆனால் கணக்கில் அப்படித்தான் விழும்.

சேனல்களை வகை வகையாக, செய்தி ஒரு பக்கம், சினிமா ஒரு பக்கம், விளையாட்டு ஒரு பக்கம் என்று அடுக்க வேண்டும், ஒரு சேனலுக்குக் கொடுத்த நம்பரை ஓராண்டுக்கு மாற்றக் கூடாது என்று 2017-ல் ட்ராய் விதி கொண்டுவந்தது. பார்க்கிறவருக்கு இது நல்ல விதி. தினம் ஒரு நம்பர் மாறினால் வயசானவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் விளையாட்டுக்கு இதில் இரண்டு பக்கமும் உண்டு. கிரிக்கெட் பார்க்க வந்தவர் விளம்பர இடைவேளையில் ஒரு நம்பர் தள்ளினால் கபடியோ கால்பந்தோ கிடைக்கும், அது லாபம். சீரியலும் சினிமாவும் மட்டும் பார்க்கிற வீடு அந்த வரிசைப் பக்கமே எட்டிப்பார்க்காது, அது நஷ்டம். சின்ன விளையாட்டுகளுக்கு இந்த நஷ்டம்தான் பெரியது என்பது என் எண்ணம்.

பெட்டியைப் போட்டதும் தானாக முதலில் வரும் சேனல் ஒன்று உண்டு, அதை லேண்டிங் பேஜ் என்பார்கள். ரிமோட் எங்கே என்று தேடி எடுப்பதற்குள் ஒரு நிமிடம் ஓடிவிட்டால் அந்த சேனலுக்கு ரீச்சில் ஒரு வீடு கூடிவிடும். ரேட்டிங் கணக்கில் இருக்கும் சேனல்களை அந்த இடத்தில் வைக்கக் கூடாது என்று ட்ராய் 2018 டிசம்பரில் உத்தரவிட்டது, 2019-ல் தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. பிறகு இப்படித் திடீரென்று வீங்கும் எண்களை வடிகட்ட பார்க் ஒரு முறையைக் கொண்டுவந்தது. இவ்வளவு சண்டை நடந்ததே, இடத்துக்கு எவ்வளவு விலை என்பதைக் காட்டுகிறது.

யாரை இடம் பாதிக்கும், யாரைப் பாதிக்காது?

இதுதான் முழு விஷயத்தின் மையம் என்று நினைக்கிறேன், ஆனால் பேச்சில் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சென்னை சூப்பர் கிங்ஸ் இறுதிப் போட்டியை எந்த நம்பரில் வைத்தாலும் ரசிகர் தேடிக் கண்டுபிடிப்பார், பேக் இல்லாவிட்டால் அன்றைக்கே கேபிள்காரருக்குப் போன் போட்டுச் சேர்த்துக்கொள்வார். தேடி வருகிறவரை இடம் பெரிதாக அசைக்காது. போகிற போக்கில் பார்க்கிறவரைத்தான் இடம் கொண்டுவரும், இல்லாவிட்டால் விரட்டும்.

பெரிய மேட்சில் தேடி வருகிறவர்களே ஏராளம், அதனால் சேனல் மாறினாலும் எண் ஓரளவு தாங்கும். கபடி, கால்பந்து, வாலிபால், பெண்கள் கிரிக்கெட் போன்றவற்றில் வளர்ச்சியே போகிற போக்கில் வந்து உட்காருகிறவர்களை நம்பித்தான் இருக்கிறது. இந்த விளையாட்டுகளுக்குப் பிரதான சேனல் கிடைப்பதும் துணை சேனல் கிடைப்பதும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நடப்பதோ தலைகீழ். ரேட்டிங் குறைவு என்று துணை சேனலுக்குத் தள்ளுகிறார்கள், அங்கே கண்ணில் படாமல் ரேட்டிங் இன்னும் குறைகிறது, அதையே காரணமாகக் காட்டி அடுத்த தடவை முன்னோட்ட விளம்பரத்தையும் குறைக்கிறார்கள்.

நேரலை என்பதால் இழப்பு இரட்டிப்பு. சீரியலில் ஒரு நாள் விட்டால் மறுநாள் மறு ஒளிபரப்பில் பிடிக்கலாம். முடிவு தெரிந்த மேட்சை மறுநாள் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. ஒரு டிவி மட்டும் உள்ள வீட்டில் இரவு எட்டு மணிக்குப் பக்கத்து நம்பரில் என்ன சீரியல் ஓடுகிறது என்பதும் இதே கணக்கில் சேரும்.

சினிமா சேனலில் ஏன் கிரிக்கெட்?

2003 உலகக் கோப்பையை செட் மேக்ஸில் பார்த்தது சிலருக்கு நினைவிருக்கலாம். 2008-ல் ஐ.பி.எல். தொடங்கியபோதும் அதே செட் மேக்ஸ்தான், அது இந்திப் படம் போடுகிற சேனல். விளையாட்டு சேனலில் போடாமல் சினிமா சேனலில் ஏன் போட்டார்கள் என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை. இப்போது யோசித்தால் தெளிவாக இருக்கிறது. சினிமா சேனல் ஏற்கெனவே பெரும்பாலான கேபிள் வீடுகளுக்குள் இருந்தது, அதைக் குடும்பமே பார்த்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் படம் பார்க்க வந்தவர்கள் கண்முன்னால் கிரிக்கெட் வந்து நின்றது. முன்னால் சொன்ன முதல் இரண்டு இடங்களும் ஒரே அடியில் தாண்டியாகிவிட்டது.

2018-ல் உரிமை ஸ்டாருக்குப் போனது. அதற்கு முந்தின ஆண்டே ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்திருந்தது. தமிழ் வர்ணனை வந்தது மூன்றாவது இடத்துக்கு, அதாவது நிற்க வைப்பதற்கு, பெரிய உதவி. ஆங்கிலம் புரியாமல் ஸ்கோர் மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்கள் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்கள். ஆனால் கணக்குப் பார்க்கிறவருக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே மேட்ச் ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு, அதிலும் ஹெச்.டி. தனி என்று பிரிந்து ஓடும்போது ஒவ்வொரு சேனலின் எண்ணும் தனியாகச் சின்னதாகத் தெரியும். பழைய காலத்தில் ஒரே சேனலுக்கு வந்த எண்ணை இன்றைக்கு ஒரு மொழி சேனலின் எண்ணோடு ஒப்பிட்டு "கிரிக்கெட் விழுந்துவிட்டது" என்று பகிர்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டிய பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

போனுக்குள் வந்த பிறகு

2023 முதல் 2027 வரைக்கான ஐ.பி.எல். உரிமையில் இந்தியாவுக்கான டிவி தனியாக 23,575 கோடிக்கும், டிஜிட்டல் தனியாக 20,500 கோடிக்கும் விற்றது. 2023-ல் டிவியில் ஸ்டாருக்குக் காசு, போனில் ஜியோ சினிமா இலவசம். எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அங்கேதான் கூட்டம் என்ற அதே கதை, இந்த முறை இரண்டு திரைகளுக்கு நடுவில். போனில் சேனல் நம்பர் கிடையாது, ஆனால் செயலியைத் திறந்ததும் மேலே எந்த மேட்சின் படம் பெரிதாகத் தெரிகிறது, எது நாலு தடவை தள்ளினால் கீழே கிடைக்கிறது என்பது நம்பரின் வேலையை அப்படியே செய்கிறது.

அங்கே எண்ணும் முறையும் வேறு. அந்த ஆண்டு சென்னைக்கும் குஜராத்துக்கும் நடந்த இறுதியில் 3.2 கோடி என்று வந்த எண், ஒரே நேரத்தில் பார்த்தவர்களின் உச்சம். நவம்பரில் உலகக் கோப்பை இறுதிக்கு ஹாட்ஸ்டாரில் வந்த 5.9 கோடியும் அதே வகைதான். இவை நிறுவனம் தன் சர்வரில் எண்ணியவை, மாதிரி வீட்டு மீட்டரில் இருந்து வந்தவை அல்ல, சராசரி நிமிடமும் அல்ல, ரீச்சும் அல்ல. அடுத்து "இந்த மேட்சை இத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள்" என்றோ "இதை யாருமே பார்க்கவில்லை" என்றோ செய்தி வந்தால் முதலில் அது ரீச்சா, சராசரியா, உச்சமா என்று பாருங்கள். பிறகு எந்த சேனல், இலவசமா கட்டணமா, எத்தனை மொழியைக் கூட்டியது என்று பாருங்கள். பாதிச் செய்திகளில் இந்த விவரம் எதுவுமே இருக்காது, அப்படிப்பட்ட செய்தியை வைத்துக் கபடிக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம்.